முடித்துவிடுவோம் என்று எழுதிய வாரம்

போன வாரம் அரசாங்க மொழிபெயர்ப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் அங்கே ஏதாவது ஒரு சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டால் என் நம்பரைத்தான் தேடுகிறார்கள். ஊரைச் சுத்தம் செய்கிற இயக்கத்துக்குப் பேனர் கட்டப் போகிறார்களாம். மலாயில் உள்ள வாசகத்தைத் தமிழில் போட வேண்டும். எல்லோரும் சேர்ந்து இந்த வேலையை முடிப்போம் என்பதுதான் விஷயம்.

"அங்கிள், முடிப்போம்னு போடலாமா, முடித்துவிடுவோம்னு போடலாமா? நிறைவேற்றுவோம்னு வேற ஒருத்தர் பிடிவாதமா நிக்கிறாரு. மீட்டிங்லயே ரெண்டு மணி நேரம் போயிருச்சுலா. எதுதான் கரெக்ட்?"

"எதையாவது போடும்மா. போட்டுட்டு யாராவது ஒரு ஆள் போய்த் துடைப்பத்தை எடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு பாவமாக இருந்தது. அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். என் கோபத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது ஜப்பான்காரன் காலத்துக் கோபம். அவள் பிறப்பதற்கு முன்பே எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முடிப்போம் என்பது பொதுவான சொல், எங்கும் உட்காரும். முடித்துவிடுவோம் என்றால் சனியன் ஒழியட்டும் என்கிற அவசரம் அதில் கேட்கிறது. முடித்துக்கொள்வோம் என்றால் கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று பொருள். நிறைவேற்றுவோம் என்பது கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கிறவர்கள் சொல்வது. மண்வெட்டி பிடித்தவன் வாயில் அது வராது. பூர்த்தி செய்வோம் என்றால் படிவம் நிரப்புகிற ஞாபகம் வருகிறது. இவ்வளவும் தெரிந்து என்ன பிரயோசனம் என்பதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்குக் கிராணி வேலைக்கு வந்தவர். குமாஸ்தாவை இங்கே கிராணி என்றுதான் சொல்வார்கள். அவர் வழியில் நானும் சீனியர் பரீட்சை பாஸ் பண்ணி, ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பயிற்சி பாதியில் இருக்கும்போது ஜப்பான்காரர்கள் படையெடுத்து வர, வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். நான் விழுந்து விழுந்து படித்த இங்கிலீஷ் ஒரே வாரத்தில் செல்லாக்காசாகிவிட்டது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தமிழ் நன்றாக எழுதுவேன், மலாய் தெரியும் என்பதற்காகப் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தொழிலாளர் அலுவலகத்தில் ஜப்பான்காரர்கள் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

அங்கே எங்களுக்குப் பெரிய கிராணியாராக இருந்தவர் சின்னத்தம்பியார். அவரும் யாழ்ப்பாணத்தார். முன்பு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர். என் உயிரை எடுத்த மனிதர் என்று சொன்னால் மிகையில்லை. அவர் ஒருநாளும் தப்பு என்று சொல்லமாட்டார். தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, சவர பிளேடால் சீவிய பென்சிலைக் காதில் செருகியபடி, "உது பிழையில்லைத் தம்பி. ஆனா சரியுமில்லை" என்பார். அதற்கு என்ன செய்வது? தப்பு என்றாலாவது திருத்தலாம். சரியுமில்லை, பிழையுமில்லை என்றால் தலையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

மூன்றாவது ஆள் காதர் பாய். துறைமுகத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் மூவருக்கும் மேலே ஒரு ஜப்பானிய அதிகாரி. அவர் கத்தமாட்டார், கை நீட்டமாட்டார். அப்படிப்பட்டவர்களை அந்தக் காலத்தில் அபூர்வமாகத்தான் பார்க்கலாம். ஆனால் அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. சொல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் அது.

அந்த அலுவலகத்திலிருந்து தமிழில் ஒரு வரி வெளியே போவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் அவர் தன் எண்ணத்தை மலாயில் சொல்வார். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் அடங்குகிற அளவுக்குத்தான் அவருக்கு மலாய் தெரியும். அந்த நேரத்தில் காதர் பாய் அறையில் இருக்கக் கூடாது. வராந்தாவின் கோடியில் போய் நிற்க வேண்டும். சின்னத்தம்பியார் அதைத் தமிழில் எழுதுவார். புதிய தாள் கிடைக்காத காலம். பழைய சுங்கப் படிவங்களின் பின்பக்கத்தில் நான் அதைக் குண்டெழுத்தில் பிரதி எடுத்து உரக்க வாசிப்பேன். அதற்கு முன்பு காதர் பாயைக் கூப்பிட்டிருப்பார்கள். மூலத்தைக் கேட்காத அவர், என் தமிழை மட்டும் கேட்டு அதை மலாயில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதிகாரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தான் சொன்னதும் காதர் பாய் சொன்னதும் ஒத்துப்போகின்றனவா என்று பென்சிலால் தட்டித் தட்டிப் பார்ப்பார். ஒரு சொல் மாறினாலும் தாள் திரும்பிவிடும். ஒத்துப்போனால் சிவப்பு மையில் மூன்று சாப்பு, அதாவது முத்திரை, குத்துவார். மூன்று சாப்பும் விழாத தாளைச் சுவரில் ஒட்டவும் கூடாது, வாசித்துக் காட்டவும் கூடாது.

"இங்கே சிறுநீர் கழிக்காதே" என்ற அறிவிப்பு வெளியே போக ஒன்றரை நாள் ஆனது. அதற்குள் அந்தச் சுவர் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளில் கிடங்கிலிருந்து படகுத்துறை வரைக்கும் ஒரு மண் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சதுப்பு நிலம். செம்மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டி, கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். இரண்டு கோஷ்டிகள் இரு முனையிலிருந்தும் வேலை செய்தன. படகுத்துறைப் பக்கம் இருந்தவர்கள் டவுனிலிருந்து பிடித்து வந்த ஆட்கள். தையல்காரர், முடிவெட்டுகிறவர், கடைச் சிப்பந்தி என்று கலவையான கூட்டம். அவர்களுக்கு மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. கிடங்குப் பக்கம் இருந்தவர்கள் சுங்கை பாக்காப் தோட்டங்களிலிருந்து வந்த முப்பத்தாறு பேர். மண் வேலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தலைவன், இங்கே மண்டோர் என்பார்கள், கருப்பண்ணன் என்கிற நாற்பது வயதுக்காரர். கட்டையான ஆள். அதிகம் பேசமாட்டார். அவர் மனைவி பாக்கியம் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் அவித்த கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார்.

கருப்பண்ணனுடைய கோஷ்டியின் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. ஒவ்வொரு நாளும் இத்தனை அடி என்று அளந்து குச்சி நட்டு விடுவார்கள். மாலையில் போய்ப் பார்த்தால் குச்சிக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் மட்டும் இடிக்காமல் கிடக்கும். தினமும் அப்படித்தான். ஆட்கள் களைத்துப் போனதாகவும் தெரியாது. மண்வெட்டிகளைக் கழுவி வரிசையாகச் சாத்திவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பாய் அகல இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். வாக்கியத்தை எழுதி முற்றுப்புள்ளி வைக்காமல் விட்டதைப் போல இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை அதிகாரி எங்களைக் கூப்பிட்டார். அதிசயமாகக் காதர் பாயையும் உள்ளே இருக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் ரோடு வேண்டும், அன்று மாலை தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, சயாமுக்கு அனுப்ப வேண்டிய ஆட்களின் பட்டியலை அந்த வேலையைப் பார்த்துத்தான் எழுதப் போகிறேன் என்றார். இந்தப் பேச்சு அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்றும், போனால் போன வழியைத் தேடிக் கண்டுபிடிப்பதாகவும் சொல்லிவிட்டு, எங்கள் மூவருக்கும் தலை குனிந்து வணக்கம் சொன்னார்.

சயாம் என்றால் ஜப்பான்காரர்கள் காட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதை. அங்கே போனவர்கள் யாரும் அதுவரை திரும்பி வரவில்லை. கடிதமும் வரவில்லை. எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் பெண்கள் வாயில் துணியை வைத்துக்கொள்வார்கள்.

வராந்தாவுக்கு வந்ததும் சின்னத்தம்பியார் என் தோளைப் பிடித்தார்.

"கேட்டனீர்தானே தம்பி? வேலையை முடிக்காதவங்களைத்தான் ஏத்தப்போறாங்கள். வேறை என்ன? நோட்டீசை வடிவாய் எழுதோணும். அதுகள் வாசிச்ச உடனை எழும்பி ஓடிப்போய் வேலை செய்யோணும்."

"மிச்சம் வெக்கிற பழக்கத்தை விடச் சொல்லணும்" என்றார் காதர் பாய். "இல்லேன்னா மொத்தப் பேரும் போயிருவானுங்க."

எனக்கும் அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. முப்பத்தாறு பேருடைய உயிர் ஒரு வினைச்சொல்லில் தொங்குகிறது என்று மனதார நம்பினேன். சயாம் என்று எழுதக் கூடாது. அந்தப் பயம் முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்குள் எப்படியாவது அடைத்து அனுப்ப வேண்டும். அதிகாரியோ கட்டளை வேண்டாம், அண்ணன் தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி அழைப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் வழக்கம்போலக் காதர் பாயை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு அதிகாரி வாசகத்தை மலாயில் சொல்ல, சின்னத்தம்பியார் "எல்லோரும் சேர்ந்து முடிப்போம்" என்று எழுதினார். நான் வாசித்தேன். காதர் பாய் அதை 'ஹாபிஸ்கான்' என்று மலாயில் சொன்னார். அதிகாரி நோட்டைப் புரட்டினார். சட்டியில் சோறு தீர்ந்துபோனால் 'ஹாபிஸ்' என்று சமையல்காரன் சொல்கிறான், ரோடு என்ன சோறா என்று கேட்டார். தாள் திரும்பியது.

செவ்வாய்க்கிழமை காலையில் "பூர்த்தி செய்வோம்." காதர் பாய் கொஞ்சம் திணறிவிட்டு, நிரப்புவோம் என்கிற மாதிரி ஒரு மலாய்ச் சொல்லைச் சொன்னார். எதை நிரப்புவது என்று அதிகாரி கேட்டார். மத்தியானம் "நிறைவேற்றுவோம்." அதற்குக் காதர் பாய் சொன்ன மலாய்ச் சொல் அதிகாரியின் நோட்டிலேயே இல்லை. தன் நோட்டில் இல்லாத சொல்லைக் கூலியாள் எப்படிப் புரிந்துகொள்வான் என்றார். அதிலும் ஒரு நியாயம் இருந்ததுதான் என் எரிச்சலை இன்னும் கூட்டியது. ஜன்னலுக்கு வெளியே கருப்பண்ணனின் ஆட்கள் ஆற அமரக் கூடை சுமந்துகொண்டிருந்தார்கள். இரண்டு நாள் போய்விட்டது.

"முடித்துவிடுவோம்னு போடுவோம் ஐயா" என்றேன்.

சின்னத்தம்பியார் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "உது பிழையில்லை. ஆனா எழுத்திலை வரக்கூடிய மரியாதை அதிலை இல்லைத் தம்பி. கறிக்கடையிலை கதைக்கிற கதை."

"அவங்க கறிக்கடையில பேசறவங்கதானே ஐயா?"

"அவை எப்பிடியும் கதைக்கட்டும். நாங்கள் எழுதிறது நாங்கள் எழுதிறதுதானே."

அந்த நிமிஷம் அவர் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி இரண்டாக ஒடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் வயதென்ன, என் வயதென்ன. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். புதன்கிழமை காலையில் அவர் ஒருவழியாக இறங்கி வந்தார். "எல்லோரும் சேர்ந்து வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவோம்" என்று குண்டெழுத்தில் எழுதி வாசித்தேன். நான் வாசித்து வாய் மூடுவதற்கு முன்பே காதர் பாய், 'சியாப்கான்' என்றார், வேலையைத் தயாராக்கிவிடுவோம் என்கிற பொருளில். அதிகாரியின் முகம் மலர்ந்தது. மூன்று சாப்பும் டக் டக்கென்று விழுந்தன.

வெளியே வந்து காதர் பாயிடம் எப்படிச் சரியாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவரு திங்கக்கிழமையே சியாப்னுதான் சொன்னாரு தம்பி. ஜன்னல் வழியா நல்லா கேட்டுச்சுலா."

"அதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா ரெண்டு நாள் மிச்சமாயிருக்குமே பாய்!"

"நான் கேக்கக் கூடாதுன்னுதானே வெளிய நிறுத்துறாங்க? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. இன்னைக்குத்தான் பொறுக்க முடியல."



புதன்கிழமை மத்தியானம் கிடங்கு வாசலில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று அந்த வரியை வாசித்தேன். ஒரு தடவை வாசித்துத் திருப்திப்படாமல் மூன்று தடவை வாசித்தேன். துக்கமும் அவசரமும் குரலில் தெரியும்படிதான் வாசித்தேன். முப்பத்தாறு பேரும் மரியாதையாக நின்று கேட்டார்கள். கேட்டு முடித்துப் பழையபடி கூடையைத் தூக்கிக்கொண்டு பழைய நடையிலேயே நடந்தார்கள். மாலையில் போய்ப் பார்த்தேன். குச்சிக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்கு இடம் இடிக்காமல் கிடந்தது.

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கருப்பண்ணனைக் கிடங்கின் ஓரமாகத் தனியே கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்த்தை தடுமாறியது.

"நேத்து நான் வாசிச்சது உங்களுக்குப் புரியலையா மண்டோரே?"

"ஏன் புரியாம? தமிழ்லதானே வாசிச்சீங்க."

"புரிஞ்சா ஏன் வேலை நகரல? தினமும் அந்த மிச்சத்தை எதுக்கு விடுறீங்க?"

அவர் வாயில் இருந்த கிழங்கை மென்று விழுங்கினார்.

"கிராணியாரே, தோட்டத்துல எங்கப்பன் காலத்துலேருந்து அப்படித்தான். இன்னைக்குக் குச்சியைத் தொட்டா நாளைக்குக் குச்சியைத் தள்ளி நடுவான். முடிச்சுக் காட்டுனா, இவன் செய்யக்கூடியவன்னு இன்னொரு வேலைக்கு இழுத்துட்டுப் போவான். கொஞ்சம் மிச்சம் கெடந்தாதான் நம்மள நம்ம இடத்துல விடுவான். நீங்க முடிப்போம்னு சொன்னாலும் சரி, வேற எப்படிச் சொன்னாலும் சரி, சொல்றது மேல இருக்கிறவன். கூடையைத் தூக்குறது நாங்க."

இதையெல்லாம் அவர் எனக்குத் தெளிவாகத்தான் சொன்னார். நான் கேட்டேன். கேட்டுவிட்டு, எழுத்தறிவில்லாத மனிதன் தோட்டத்துப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறானே, இவனால் இத்தனை பேரும் சாகப் போகிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. பரிதாபமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்.

"நாளைக்குச் சாயங்காலம் துரை வந்து பார்ப்பாரு. அந்த வேலையைப் பார்த்துத்தான் சயாமுக்கு ஆள் எழுதப் போறாரு. முடிக்காதவங்கள ஏத்திருவாங்க. இப்ப புரியுதா?"

அவர் கையில் இருந்த கிழங்கைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா."

"துரை வாயால கேட்டீங்களா?"

"என் காதாலதான் கேட்டேன்."

நான் கேட்டது பாதி. மறுபாதி சின்னத்தம்பியார் வராந்தாவில் வைத்துச் சொன்னது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவே இல்லை. கருப்பண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தலையைத் துண்டால் கட்டிக்கொண்டு, "படிச்சவங்க சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படகுத்துறைப் பக்கத்துக் கோஷ்டியிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர்களால் தலைகீழாக நின்றாலும் முடிக்க முடியாது. வீணாக ஏன் பயமுறுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன். அதாவது, அவர்களைச் சயாமுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றுதான் அர்த்தம். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அன்று மத்தியானத்திலிருந்து அந்த ஆட்கள் வேலை செய்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. இரண்டு பேர் சுமக்க வேண்டியதை ஒருவர் சுமந்தார். கூடை கை மாறுகிற இடத்தில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. கருப்பண்ணன் தாமே இடிகட்டையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பகலிலேயே அவர்களுடைய பாதி ரோடு முடிந்துவிட்டது. கடைசியாக அந்தப் பாய் அகல இடத்தையும் இடித்துச் சமமாக்கி, மட்டப்பலகை வைத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்து ரோடோ பள்ளமும் மேடுமாக, நடுவில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. என் பக்கத்தில் நின்ற சின்னத்தம்பியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீர் எழுதின சொல்லுத்தான் சரி தம்பி. வேலை செய்துபோட்டுது" என்றார். அவர் வாயிலிருந்து சரி என்ற சொல் வந்தது அந்த ஒரு முறைதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாலையில் அதிகாரி வந்தார். புது ரோட்டில் மெதுவாக நடந்து பார்த்தார். குதிகாலால் ஓர் இடத்தில் ஓங்கி மிதித்தார். மண் அசையவில்லை. கருப்பண்ணன் கோஷ்டியை வரிசையாக நிறுத்தி, அவர்கள் முன்னால் ஆழமாகக் குனிந்து வணங்கினார். மாதக் கணக்கில் அரிசியைக் கண்ணால் பார்க்காத அந்த ஆட்களுக்குச் சோறு போடச் சொல்லிக் கிடங்குக்குள்ளே அழைத்துப்போகச் சொன்னார். அவர்கள் உள்ளே போனதும் சிப்பாய்கள் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். கூட்டம் நெரியாமல் இருக்கச் சாத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு நானும் சின்னத்தம்பியாரும் அலுவலகத்தில் உட்கார்ந்தோம், காதர் பாய் வழக்கம்போல வராந்தாவில் நின்றார். அதிகாரி பட்டியலைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் பெயர், கருப்பண்ணன்.

நான் பேனாவை எடுக்கவில்லை. அவர் தவறுதலாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். சின்னத்தம்பியார் எழுந்து நின்று, தெரிந்த மலாயில், இவர்கள் வேலையை முடித்தவர்கள் துவான், அந்தப் பக்கத்துக்காரர்கள்தான் முடிக்காதவர்கள் என்றார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதனால்தான் இவர்களை எழுதுகிறேன் என்றார். சயாமில் ரோடு போடத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தத் தையல்காரர்களையும் முடிவெட்டுகிறவர்களையும் அங்கே கொண்டுபோய் என்ன செய்வது? நான்கு நாட்களாக யார் நல்ல ஆட்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், இந்த முப்பத்தாறு பேரும் நல்ல ஆட்கள் என்றார்.

முதலாவதாக வந்தவனுக்குப் பரிசு, கடைசியில் வந்தவனுக்குப் பிரம்படி. பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி, சம்பள உயர்வுக்குக் காத்திருந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு வேறு கணக்கு தெரியாது. நன்றாக வேலை செய்தவனைத் தண்டிப்பார்கள் என்பது எங்கள் மூன்று பேரின் புத்திக்கும் எட்டவே இல்லை. மண் சுமந்தவர்களுக்கு அது பிறந்தது முதல் தெரியும். முந்தின நாள் கருப்பண்ணன் அதைத்தான் எனக்கு வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். நான் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன்.

பட்டியலை நான்தான் எழுதினேன். மறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மறுத்திருந்தால் என் பெயரும் அதில் சேர்ந்திருக்கும். நான் பயந்துவிட்டேன், அவ்வளவுதான். எழுதி வாசித்தேன். காதர் பாயை உள்ளே கூப்பிட்டார்கள். பெயர்களில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது? அவர் அழுதுகொண்டே அப்படியே திருப்பிச் சொன்னார். எல்லாம் ஒத்துப்போனது. மூன்று சாப்பும் விழக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை அவர்களைக் கிடங்கிலிருந்து நேராகப் படகில் ஏற்றி எதிர்க்கரையில் இருந்த பிறை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கே ரயிலில் ஏற்றினார்கள். நான் படகுத்துறைக்குப் போகவில்லை. அலுவலக ஜன்னலையும் திறக்கவில்லை.

சண்டை முடிந்த பிறகு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்து முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தேன். சாட்சி சொன்னதைச் சொன்னபடி சொல்வேன். சொல்லாததைச் சேர்க்கமாட்டேன். புரியவில்லை என்றால் நீதிபதி முகம் சுளித்தாலும் நிறுத்திக் கேட்பேன், இரண்டு முறை கேட்பேன். இந்த ஆள் ஏன் இப்படி உயிரை எடுக்கிறான் என்று வக்கீல்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கும். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவேன். அந்த முப்பத்தாறு பேரில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். கருப்பண்ணன் வரவில்லை.

ஆனால் நான் அவர் மனைவி பாக்கியத்தைப் பார்த்தது அதற்கெல்லாம் முன்பு. ரயில் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆயர் ஈத்தாமுக்கு நடந்தே போனேன். சந்தை கலைகிற நேரம். அவர் காலிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தி முன்பே வந்து சேர்ந்திருந்தது என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. படகுத்துறை அலுவலகத்துக் கிராணி என்று மட்டும் சொன்னேன்.

உட்காரச் சொல்லி ஒரு பலகையைத் தள்ளினார்.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கலைங்க" என்றார். "பதினெட்டு வருஷமா பார்க்கிறேன், அவரு எந்த வேலையையும் ஒரேயடியா முடிச்சுட்டு வந்ததே இல்ல. வீட்டுக்கு அடுப்பு கட்டுனாக்கூடக் கொஞ்சம் பூசாம விட்டுட்டுத்தான் எழுந்திருப்பாரு. அப்படிப்பட்ட மனுஷன், இந்த வேலையை மட்டும் பகலுக்குள்ளயே முடிச்சாராமே. அவருக்கு அப்படி யாருங்க சொன்னது?"

துரை சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். நோட்டீஸ் போட்டார்கள் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் பொய்யில்லை.

"நான்தாம்மா சொன்னேன்" என்றேன்.